வேன் பெல்ட்டை நாங்களே மாற்றினோம்

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் எங்கள் குழுவின் சார்பில் பேசியது. கேட்காதவர்களும் படிக்கட்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம்.)



போன கூட்டத்துல "உங்க குழு வேனை நீங்களே ரிப்பேர் பண்றீங்களாமே, அதைப் பத்திப் பேசுங்க"ன்னு சொன்னாங்க. முதல்லயே ஒண்ணு சொல்லிடறோம். நாங்க மெக்கானிக் ஆகிடல. ஒரே ஒரு வேலை கத்துக்கிட்டோம். வண்டியோட பெல்ட் தேஞ்சு போனா அதைக் கண்டுபிடிக்கவும், கழட்டி வேற பெல்ட் போடவும் தெரியும். அவ்வளவுதான். ஆனா அந்த ஒரு வேலை தெரியாததால எங்க குழு உடையற அளவுக்குப் போச்சு. அதையும் சேர்த்தே சொல்லணும்.

எங்க வண்டி 2012 மாடல் மாருதி ஓம்னி. இரண்டாம் கையாக வாங்கினது. வங்கிக் கடன்ல பாதி, சேமிப்புல பாதி. இந்த வண்டி முதல்ல 1984-ல மாருதி வேன்னு வந்தது, 1988-ல ஓம்னின்னு பேர் மாத்தினாங்க, 2019-ல தயாரிப்பையே நிறுத்திட்டாங்க. ஆனாலும் ரோட்டுல இன்னும் நிறைய ஓடுது, சாமான் கிடைக்குது. 796 சிசி, மூணு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். அந்த எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில இருக்கு. நாங்க இதுல தினமும் இட்லி மாவு ஏத்திட்டு ஒட்டன்சத்திரம் பக்கம் ஹாஸ்டலுக்கும் டீக்கடைகளுக்கும் போடறோம். காலையில ஆறரைக்குள்ள போய்ச் சேரணும். மாவு நம்ம பேச்சைக் கேட்டுக் காத்திருக்காது, புளிச்சுடும்.

ஒரு நாள் காலையில போய்க்கிட்டு இருக்கும்போது மீட்டர் பலகையில பேட்டரி படம் போட்ட சிவப்பு லைட் எரிஞ்சிருக்கு. ஓட்டினவங்க எங்க உறுப்பினர்தான், லைசென்ஸ் எடுத்து நாலு வருஷம் ஆகுது. "பேட்டரிதானே, போய் இறக்கிட்டுப் பாத்துக்கலாம்"னு ஓட்டிட்டாங்க. வண்டியும் ஓடுச்சு. ஆறேழு கிலோமீட்டர் போனதும் சீட்டுக்கு அடியில இருந்து ஆவி. வண்டி நின்னுடுச்சு. ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு. பட்டறைச் செலவு 11,800 ரூபாய். அன்னைக்கு 60 கிலோ மாவு வீணாச்சு. ஒன்பது நாள் வாடகை ஆட்டோவுல மாவு போச்சு. அந்த மாசமும் அடுத்த மாசமும் வங்கித் தவணைக்குச் சேமிப்புல கை வைக்க வேண்டியதாப் போச்சு.

கூட்டத்துல பேச்சு எப்படிப் போயிருக்கும்னு உங்களுக்கே தெரியும். "லைட் எரியறது கண்ணுக்குத் தெரியலையா?" "பொம்பள கையில வண்டி கொடுத்தா இப்படித்தான்னு எங்க வீட்டுல சொல்றாங்க." இதைச் சொன்னதும் நாமதான், பொம்பளைங்கதான். ஓட்டின அக்கா ஒண்ணுமே பேசல. அடுத்த இரண்டு கூட்டத்துக்கு வரல. சந்தாவை மட்டும் மகள்கிட்ட கொடுத்து அனுப்பினாங்க. வண்டியை வித்துடலாம்னு ஒரு தீர்மானம் எழுதற வரைக்கும் போயிடுச்சு. (இதையெல்லாம் இங்க சொல்லலாமான்னு அந்த அக்காகிட்ட கேட்டுட்டுத்தான் சொல்றோம்.)

இப்ப அந்த லைட்டுக்கும் ஆவிக்கும் என்ன சம்பந்தம்னு சொல்றோம். இது புரிஞ்சா பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

எஞ்சின் சுத்தும்போது அதோட முன்பக்கத்துல ஒரு புல்லி சுத்துது. அதுல ஒரு ரப்பர் பெல்ட் மாட்டியிருக்கு. அந்த பெல்ட் இரண்டு சாமானைச் சுத்த வைக்குது. ஒண்ணு ஆல்டர்னேட்டர், அதாவது கரண்ட் உண்டாக்கி பேட்டரியில ஏத்தறது. இன்னொண்ணு வாட்டர் பம்ப், எஞ்சினைச் சுத்தித் தண்ணியை ஓட வச்சு சூட்டை ரேடியேட்டருக்குக் கொண்டு போறது. எல்லாரும் இதை ஃபேன் பெல்ட்னுதான் சொல்றோம். ஆனா ஓம்னியில ரேடியேட்டர் ஃபேன் கரண்ட்ல தனியா சுத்துது. பேர் மட்டும் பழைய வண்டியில இருந்து ஒட்டிக்கிச்சு.

பெல்ட் அறுந்தா இரண்டும் ஒரே நேரத்துல நிக்குது. ஆல்டர்னேட்டர் நின்னதும் பேட்டரி லைட் எரியுது. ஆனா பேட்டரியில மிச்சம் இருக்கிற கரண்ட்ல எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும். அதுதான் ஏமாத்தற இடம். வண்டி ஓடுது, ஆனா உள்ள தண்ணி ஓடல. சூடு ஏறி ஏறி கேஸ்கெட் போகுது. அதனால ஓடும்போது அந்தச் சிவப்பு லைட் எரிஞ்சா ஓரமா நிறுத்தி எஞ்சினை அணைச்சுட்டுத்தான் மத்தது. மாவு புளிச்சாலும் பரவாயில்லை. ரேடியேட்டர் மூடியைச் சூட்டோட திறக்கவே கூடாது, கொதிக்கிற தண்ணி மூஞ்சியில அடிக்கும்.

இது எங்களுக்கு எப்படித் தெரிய வந்ததுன்னா, எங்க உறுப்பினர் ஒருத்தரோட அண்ணன் டிராக்டர் மெக்கானிக். அவர்தான் பட்டறையில இருந்து வந்த அறுந்த பெல்ட்டைக் கையில வாங்கிப் பார்த்தார். மடக்கிக் காட்டினார். உள்பக்கம் பூரா குறுக்கு வெடிப்பு, வயக்காட்டு மண்ணு மாதிரி. பக்கவாட்டு கண்ணாடி மாதிரிப் பளபளன்னு இருந்தது. "இது வருஷக்கணக்கா ஓடின பெல்ட்"ன்னார். எங்க பிரதிநிதி உடனே பில் ஃபைலை எடுத்தாங்க. நாலு மாசம் முன்னாடி வேற ஒரு இடத்துல சர்வீஸ் விட்ட பில்லுல "பெல்ட் மாற்றம்"னு எழுதி காசு வாங்கியிருக்காங்க. மாத்தவே இல்ல. கேட்கப் போனோம், "அது வேற பெல்ட்டா இருக்கும்"னு சொல்லி அனுப்பிட்டாங்க. அதோட அந்த இடத்தை விட்டுட்டோம். இப்ப எந்தச் சாமான் மாத்தினாலும் பழசைக் கையில வாங்காம காசு கொடுக்கறது இல்ல. அதுக்கு ஒரு மஞ்சப்பையே தனியா இருக்கு.

அன்னைக்கு ராத்திரி நாங்க நாலு பேர் அந்த அக்கா வீட்டுக்குப் போனோம். அறுந்த பெல்ட்டையும் பில்லையும் எடுத்துட்டுப் போனோம். என்ன பேசினோம்னு இங்க சொல்லல. அடுத்த கூட்டத்துக்கு வந்தாங்க. "உறுப்பினர் மேல் சொன்ன குறையைக் குழு திரும்பப் பெறுகிறது"ன்னு தீர்மானப் பதிவேட்டுல எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். வாயால சொன்னது போதாதா, எழுதணுமான்னு ஒருத்தங்க கேட்டாங்க. குறை சொன்னப்ப எழுதினோமே, அதனால இதையும் எழுதத்தான் வேணும்னு ஊக்குநர் அக்கா சொல்லிட்டாங்க.

பெல்ட் மாத்தக் கத்துக்கணும்னு முதல்ல சொன்னதும் அந்த அக்காதான்.

ஒரு ஞாயித்துக்கிழமை அந்த அண்ணன் வந்தார். அவர் கை வைக்கல, திண்ணையில உக்காந்து சொல்லிக் கொடுத்தார். முதல் தடவை இரண்டரை மணி நேரம் ஆச்சு. ரெண்டாவது தடவை முக்கால் மணி நேரம். எப்படின்னு சொல்றோம்.

முதல்ல நம்மளைப் பத்தி. சேலை முந்தானையை இழுத்துச் செருகணும், சுடிதார்னா துப்பட்டாவைக் கழட்டி வச்சுடணும். பின்னலைக் கொண்டை போடணும். வளையல், மோதிரம், கழுத்துல தொங்கற எதுவும் வேண்டாம். தாலியைக் கழட்ட மாட்டேன்னா ரவிக்கைக்குள்ள போட்டு மேல ஒரு பின் குத்திக்கணும். இது சும்மா சொல்றது இல்ல. சுத்தற பெல்ட்டுல துணியோ முடியோ மாட்டினா கையால இழுத்து எடுக்க முடியாது. மாவு மிஷின் வச்சிருக்கிற குழுக்களுக்கு நாங்க சொல்லித் தெரிய வேண்டியது இல்ல.

வண்டி சமதளத்துல நிக்கணும். ஹேண்ட் பிரேக் போட்டு, கியர்ல விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைக்கணும். எஞ்சின் நல்லா ஆறியிருக்கணும். நாங்க சனிக்கிழமை சாயங்காலம் நிறுத்தின வண்டியை ஞாயிறு காலையில தொடறோம். சாவியை எடுத்து வேலை செய்யறவங்களே இடுப்புல செருகிக்கணும். வீட்டுல பையன் வந்து "ஸ்டார்ட் பண்ணிப் பாக்கவா"ன்னு திருப்பிட்டா கதை முடிஞ்சது.

அடுத்து பேட்டரியில மைனஸ் ஒயரைக் கழட்டணும். ஆல்டர்னேட்டருக்குப் பின்னாடி ஒரு தடிமன் ஒயர் வருது, சாவி போடாட்டியும் அதுல எப்பவும் கரண்ட் இருக்கும். ஸ்பேனர் அதுலயும் வண்டி பாடியிலயும் ஒண்ணாப் பட்டா பெரிய பொறி பறக்கும். அதனால மைனஸ்தான் முதல்ல கழட்டறது, கடைசியா மாட்டறது.

முன் சீட்டைத் தூக்கினா எஞ்சின் தெரியும். கொஞ்சம் மேல இருந்தும் கொஞ்சம் கீழ இருந்தும் கை போட வேண்டியிருக்கு. கீழ படுக்கிறதா இருந்தா வெறும் ஜாக்கியை நம்பி யாரும் வண்டிக்கு அடியில போகக் கூடாது. ஜாக்கி நழுவும். ஸ்டாண்டு வச்சு, அசைச்சுப் பார்த்துட்டுத்தான் போகணும். எங்ககிட்ட ஸ்டாண்டு இல்லாத வரைக்கும் ஒல்லியா இருக்கிற கை யாரோடதோ அதை மேல இருந்தே விட்டோம்.

பழைய பெல்ட்டைக் கழட்டறதுக்கு முன்னாடி அது எந்தெந்தப் புல்லியில எப்படிப் போகுதுன்னு செல்போன்ல படம் எடுத்துக்கணும். எங்க வண்டியில ஏசி இல்ல, அதனால வெளியில ஒரே பெல்ட். ஏசி இருந்தா கம்ப்ரசருக்கு இன்னொரு பெல்ட் இருக்கும், வேலை கூடும்.

ஆல்டர்னேட்டர் ஒரு பக்கம் போல்ட்ல ஊஞ்சல் மாதிரி மாட்டியிருக்கு. இன்னொரு பக்கம் நீளத் துளை போட்ட ஒரு பட்டையில ஒரு போல்ட் இருக்கும். எங்களுக்கு 12, 14 ஸ்பேனர் போதுமா இருந்தது. ரெண்டையும் தளர்த்தினாப் போதும், முழுசாக் கழட்ட வேண்டாம். துரு பிடிச்சு அசையாட்டி துரு நீக்கற ஸ்பிரே அடிச்சு ஒரு ராத்திரி விட்டுடுங்க. வீம்புக்கு இழுத்தா போல்ட் தலை மழுங்கிப் போயிடும். எங்களுக்கு ஒண்ணு போச்சு, அதை எடுக்கப் பட்டறைக்குத்தான் போனோம். தளர்ந்ததும் ஆல்டர்னேட்டரை எஞ்சின் பக்கம் தள்ளினா பெல்ட் தொளதொளன்னு ஆகி கையோட வரும்.

பெல்ட் இல்லாத அந்த நேரம்தான் நல்ல நேரம். வாட்டர் பம்ப் புல்லியையும் ஆல்டர்னேட்டர் புல்லியையும் கையால சுத்திப் பாருங்க. கரகரன்னு சத்தமோ ஆட்டமோ இருந்தா பேரிங் போகப் போகுது. பம்ப் அடியில தண்ணி ஒழுகின கறை இருக்கான்னும் பாக்கணும். இதுல ஏதாவது இருந்தா புது பெல்ட் போட்டும் பிரயோஜனம் இல்ல, முதல்ல அதைச் சரி பண்ணணும். புல்லி காடியை உலர்ந்த துணியால துடைக்கணும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா புது பெல்ட்டும் சீக்கிரம் ஊறி கெட்டுப் போகும்.

புது பெல்ட் வாங்கப் போறப்ப பழசையும் கொண்டு போங்க. ரெண்டையும் ஒரே ஆணியில தொங்க விட்டுப் பாத்தா நீளம் தெரிஞ்சுடும். பழசு கொஞ்சம் நீண்டிருக்கும், அது சகஜம். அகலமும் ஒண்ணா இருக்கணும். பெல்ட் முதுகுல நம்பர் இருக்கும். மாவு மிஷின் பெல்ட்ல ஏ, பின்னு எழுத்துப் போட்டு நம்பர் இருக்குமே, அதுல எழுத்து அகலத்துக்கு, ஏ-ன்னா 13 மில்லிமீட்டர், பி-ன்னா 17. நம்பர் நீளத்துக்கு, இஞ்ச் கணக்கு. வண்டி பெல்ட்டுக்கு நம்பர் முறை வேற, கடையில வண்டி மாடலைச் சொல்லித்தான் வாங்கணும். நாங்க வாங்கினது 320 ரூபாய்.

மாட்டறப்ப கீழ எஞ்சின் புல்லி, அப்புறம் பம்ப், கடைசியா ஆல்டர்னேட்டர். ஏறலைன்னா ஆல்டர்னேட்டரை இன்னும் உள்ள தள்ளணுமே தவிர ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பக் கூடாது. உள்ள இருக்கிற நூல் அறுந்துடும், வெளிய தெரியாது. காடியில பெல்ட் எப்படி உக்காருதுன்னு பாருங்க. இந்த பெல்ட் பக்கவாட்டாலதான் பிடிக்குது. தேஞ்ச பெல்ட் காடியோட அடித்தரை வரைக்கும் இறங்கிடும், அப்ப எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். கீச்சுன்னு கத்தறது அந்த வழுக்கல்தான். அந்தச் சத்தத்துக்குச் சோப்பு தேய்க்கறது, மெழுகு தேய்க்கறது எல்லாம் நாங்களும் பண்ணியிருக்கோம். ரெண்டு நாள் சத்தம் நிக்கும், தேய்மானம் நிக்காது.

அடுத்தது இறுக்கம். எங்களுக்கு ரொம்ப நேரம் பிடிச்சது இதுதான். ஒருத்தர் ஒரு மரக் கட்டையால ஆல்டர்னேட்டரை வெளிப்பக்கமா நெம்பிப் பிடிக்க, இன்னொருத்தர் பட்டையில இருக்கிற போல்ட்டை முறுக்கணும், அப்புறம் ஊஞ்சல் போல்ட். நெம்பறது உறுதியான இடத்துல இருக்கட்டும், அலுமினியக் கூடு மெல்லிசு. பெல்ட்டோட நீளமான பகுதியில நடுவுல கட்டை விரலால நல்லா அழுத்தினா ஒரு சென்டிமீட்டருக்குள்ள அமுங்கணும். வண்டிக் கையேட்டுல அளவு இருந்தா அதுதான் சரி. தொளதொளன்னு விட்டா வழுக்கும். வீணைக் கம்பி மாதிரி இறுக்கினா பம்ப் பேரிங்கும் ஆல்டர்னேட்டர் பேரிங்கும் போகும். நாங்க முதல் தடவை பயத்துல ரொம்ப இறுக்கிட்டோம், அண்ணன் திரும்பத் தளர்த்தச் சொன்னார்.

முடிஞ்சதும் ஸ்பேனர்களை எண்ணணும். எத்தனை எடுத்தோமோ அத்தனை பெட்டிக்குத் திரும்பி வரணும், துணி உட்பட. அப்புறம் பேட்டரி ஒயர், அப்புறம் எல்லாரும் தள்ளி நின்னு ஸ்டார்ட். சிவப்பு லைட் அணையணும், கீச்சுச் சத்தம் வரக் கூடாது. ஓடறப்ப யாரும் கை நீட்டக் கூடாது. பத்து நிமிஷம் ஓட்டி, அணைச்சு, ஆறினதும் மறுபடி அழுத்திப் பாக்கணும். புது பெல்ட் கொஞ்சம் நீளும், அதனால நூறு, இருநூறு கிலோமீட்டர் ஓடினதும் இன்னொரு தடவை இறுக்கம் பாக்கணும். இதை மறந்தா போட்ட வேலை பாதிதான்.

ஒரு எச்சரிக்கை. எஞ்சினுக்குள்ள மூடி போட்டு இன்னொரு பெல்ட் இருக்கு, டைமிங் பெல்ட்னு சொல்வாங்க. அதுக்கு பல் இருக்கும். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் எஞ்சின் சரியா ஓடாது. அதை நாங்க தொடறது இல்ல. அதுக்குப் பட்டறைதான், கிலோமீட்டர் கணக்கு வச்சு மாத்தணும். சொன்னதைக் கேட்டுட்டு யாரும் அந்த மூடியைத் திறந்துடாதீங்க.

செலவுக் கணக்கு கேட்டிருந்தீங்க. ஸ்பேனர் செட் 650, பெல்ட் ரெண்டு 640. ஒண்ணு வண்டியில, ஒண்ணு சீட்டுக்கு அடியில கவர் போட்டு வச்சிருக்கோம். வழியில அறுந்தா, எஞ்சின் ஆறின பிறகு அங்கேயே மாட்டிக்கலாம். வண்டியை விக்கற தீர்மானத்தை ரத்து பண்ணிட்டோம். எடுத்த சேமிப்புல இன்னும் 3,000 ரூபாய் திரும்பப் போட வேண்டியிருக்கு.

மாசத்துல முதல் ஞாயிறு காலை ஏழு மணிக்கு எங்க ஊக்குநர் அக்கா வீட்டு வாசல்ல பெல்ட் பாக்கறோம். பதிவேட்டுல அதுக்குன்னு ஒரு பக்கம் இருக்கு. யார் பார்த்தாங்க, மீட்டர்ல எத்தனை கிலோமீட்டர், வெடிப்பு உண்டா இல்லையான்னு எழுதறோம். வண்டி வச்சிருக்கிற குழுவும், மாவு மிஷின் வச்சிருக்கிற குழுவும் வந்து பாக்கலாம். ஸ்பேனர் எங்ககிட்ட இருக்கு, பழைய துணி மட்டும் கொண்டு வாங்க. சொல்லிக் கொடுக்கப் போறது அன்னைக்கு வண்டி ஓட்டின அதே அக்காதான்.